வாசலில் வைக்கும் பையும் அதை எடுக்கும் கையும்

காலை ஆறரை மணிக்கு எங்கள் ஒழுங்கையின் முகப்பில் குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்கும். கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். தலை வாராமல், முகம் கழுவாமல், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டுகூட வருவார்கள். நானும் அப்படி ஓடியவள்தான். பையை மதிலோரம் வைத்துவிட்டுத் திரும்பியும் பாராமல் வந்துவிடுவேன். பை போனால் சரி. எங்கே போகிறது, யார் கையால் போகிறது என்று நினைத்ததில்லை.

நினைக்க வைத்தது ஒரு ஜாம் போத்தல். கைதவறி விழுந்து உடைந்த அந்தப் போத்தலின் துண்டுகளைக் கூட்டி அள்ளி, மரக்கறித் தோலுடனும் தேயிலைச் சக்கையுடனும் ஒரே பையில் போட்டு இறுக முடிச்சுப் போட்டு வைத்தேன். அன்று வழமையாக வரும் அக்காதான் பையை எடுத்தார். "ஸ்ஸ்" என்ற ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவருடைய உள்ளங்கையிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்த் துணி கொண்டு வந்து கட்டினேன். "பரவால்ல மிஸ், இது எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார். வைத்தியசாலையில் ஏற்பு ஊசி போட்டு மூன்று தையலும் போட்டார்கள்.

சமூகவியல் படித்தவள் நான். வீடு வீடாகச் சென்று பெண்களின் பிரச்சினைகளைக் கேட்டு எழுதுவதுதான் என் தொழில். அப்படிப்பட்ட என்னுடைய பையே ஒரு பெண்ணின் கையை வெட்டிவிட்டது. 'பழகிப்போச்சு' என்ற அந்தச் சொல் தையல் ஊசியைப் போல எனக்குள் இறங்கியது. அதன் பின்னர் நான் கேட்டும் பார்த்தும் அறிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எங்கள் வளவுக் கிடங்கு

நான் வன்னியில் பிறந்தவள். எங்கள் ஊரில் குப்பை என்று தனியாக ஒரு பிரச்சினை இருக்கவில்லை. வளவின் மூலையில் ஒரு கிடங்கு இருக்கும். கூட்டிய சருகு, சாம்பல், மீன் செதில் எல்லாம் அதற்குள் போகும். நிரம்பினால் மூடி, அதன் மேல் ஒரு வாழைக்குட்டியை நட்டுவிடுவார் அம்மா. சோற்றுக் கஞ்சியும் மரக்கறித் தோலும் மாட்டுக்குப் போகும். மிஞ்சியது நெருப்புக்குப் போகும்.

போர் அந்த வளவைப் பறித்தது. இடம்பெயர்ந்து பதுங்கு குழிகளிலும் பின்னர் 2009ஆம் ஆண்டில் முகாமிலும் இருந்தபோது, குப்பை எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே குவிந்தது. இலையான் மொய்க்கும். மழை வந்தால் எல்லாம் மிதக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தவர்களின் முகங்கள் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. குப்பையைப் பார்த்துப் பொத்தினார்களா, எங்களைப் பார்த்துப் பொத்தினார்களா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மீள்குடியேறிய சகோதரிகளுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். வளவைத் துப்புரவாக்கிக் குப்பைக்கு நெருப்பு வைத்தபோது, மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் வெடித்துக் காயப்பட்டவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். ஒரு தீக்குச்சியும் கூட்டிய சருகும்கூட எங்களுக்கு ஆபத்தாக மாறிய காலம் அது. மண்ணில் சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல் கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும் என்பதையும், முன்பின் தெரியாத நிலத்தில் குப்பையை எரிக்கக் கூடாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பேராதனையில் படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கண்டி நகரில் ஒரு அறை எடுத்தேன். கிடங்கு வெட்ட வளவு இல்லை, தின்ன மாடு இல்லை, எரிக்க இடமும் இல்லை. அப்போதுதான் குப்பை என்பது இன்னொருவர் வந்து எடுத்துப் போகவேண்டிய பொருளாக எங்களுக்கு மாறியது.

மஹய்யாவ மக்கள்

யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியை எங்களில் தெரியாதவர் இல்லை. போர்க்காலத்தில் மூடியும் திறந்தும் எங்கள் வாழ்வை ஆட்டிவைத்த வீதி அது. அந்த வீதி கண்டியில்தான் ஆரம்பிக்கிறது. கண்டி நகரை விட்டு மஹய்யாவ ஊடாகக் கட்டுகஸ்தோட்டைக்கு ஏறி, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா என்று போகிறது. எங்கள் ஊர் வீதியின் தொடக்கத்தில் இப்படி ஒரு தமிழ்ச் சமூகம் இருக்கிறது என்பது கண்டிக்கு வரும்வரை எனக்குத் தெரியாது.

1865ஆம் ஆண்டில் கண்டி மாநகர சபை உருவானது. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் நகரைக் கூட்டவும், வாளி மலசலகூடங்களைத் துப்புரவு செய்யவும் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். ஊரில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டிருந்தவர்களையே இந்த வேலைக்கென்று தேடி எடுத்தார்கள். கடல் கடந்து வந்தும் அவர்களுக்கு அதே வேலைதான் கிடைத்தது. தோட்டத் தொழிலாளருக்குக் கட்டியதைப் போலவே இவர்களுக்கும் லயன் காம்பராக்கள் கட்டப்பட்டன. பாட்டன் கூட்டிய வீதியைப் பேரனும் கூட்டும் நிலை பல தலைமுறைகளாகத் தொடர்ந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களைப் போல இவர்களில் பலரையும் நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று கணக்குப் பிரித்தது. மிச்சமிருந்த 150,000 பேரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள மேலும் பத்து வருடங்கள் சென்றன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரசாவுரிமை கிடைக்க வழி பிறந்தது. ஒரு நகரைத் தலைமுறை தலைமுறையாகச் சுத்தம் செய்தவர்கள், அந்த நாட்டின் பிரசைகளா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டி இருந்தது!

இன்று இச்சமூகத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர்கள், கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்பவர்கள், வெளிநாடு சென்றவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியை எழுதத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். உறவினர் ஒருவரின் முகவரியைப் போடுவார்கள். இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் முகாம் முகவரி ஞாபகம் வந்தது. 'அங்கே இருந்து வந்தவளா?' என்ற கேள்வியை நாங்களும் கேட்டவர்கள் அல்லவா?

பை எங்கே போகிறது?

கண்டி நகரில் நாளொன்றுக்கு நூறு தொன்னுக்கும் மேற்பட்ட குப்பை சேர்கிறது. குடியிருப்பவர்களைவிடப் படிக்கவும் வேலைக்கும் வைத்தியசாலைக்கும் தலதா மாளிகைக்கும் வந்துபோகிறவர்கள் பல மடங்கு அதிகம். கண்டியின் குப்பை 1960கள் முதல் கொஹாகொட என்ற இடத்தில் கொட்டப்பட்டு வந்துள்ளது. அது மகாவலி ஆற்றின் கரை. மழை பெய்தால் குப்பை மேட்டிலிருந்து வடியும் கறுப்பு நீர் ஆற்றை நோக்கி இறங்கும்.

கொஹாகொடவைத் தாண்டும் ஆறு கட்டுகஸ்தோட்டையைக் கடந்து பொல்கொல்லை அணைக்கட்டுக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு பங்கு நீர் சுரங்க வழியாக வடமத்திய மாகாணத்து வயல்களுக்குத் திரும்புகிறது. மற்றைய பங்கு ஆற்றோடு ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. மூதூர், சம்பூர் பகுதிகளிலிருந்து 2006இல் இடம்பெயர்ந்த சகோதரிகளே, உங்கள் ஊர்க் கடலில் வந்து விழும் ஆற்றின் கரையில்தான் நாங்கள் குப்பை கொட்டியிருக்கிறோம். கண்டியில் கட்டி வைக்கும் பை கண்டியோடு முடிவதில்லை.

குப்பையைக் கவனிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2017ஆம் ஆண்டு நாங்கள் இரண்டு முறை பார்த்தோம். ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பலகாரம் சுட்ட அடுப்புக்குப் பக்கத்திலேயே மக்கள் புதையுண்டார்கள். அதே வருடம் நாடு முழுவதும் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயால் பீடிக்கப்பட்டார்கள். வீசிய யோகட் கோப்பையிலும் சிரட்டையிலும் தேங்கும் ஒரு கரண்டி நீர் நுளம்புக்குப் போதும்.

சபையின் கடமையும் எங்கள் கடமையும்

குப்பை எடுப்பது சபை செய்யும் தருமம் என்றே எங்களில் பலர் நினைக்கிறோம். அது தவறு. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129 முதல் 131 வரையான பிரிவுகள் வீதிக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் பற்றியவை. குப்பையை உரிய காலத்தில் அகற்றுவதும் முறையாக ஒழிப்பதும் சபையின் கடமை என்று அவை சொல்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவருக்கும் அது பொருந்தும். குப்பை எடுக்க வராவிட்டால் சபையின் சுகாதாரப் பிரிவில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஒழுங்கையில் உள்ள பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொண்டுபோங்கள். ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமை இருப்பதைப் போலவே கடமையும் இருக்கிறது. 2017 செப்டெம்பர் 1 முதல் பிளாஸ்டிக், பொலித்தீன் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்தப் புகை நெஞ்சுக்குக் கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் நிச்சயமாகக் கூடாது.

பையைக் கட்டும் முன்

கை வெட்டுப்பட்ட அக்காவிடமே கேட்டேன், "நாங்கள் எப்படிக் கட்டி வைத்தால் உங்களுக்கு நல்லது?" அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் இதை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதோடு நான் படித்து அறிந்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

1. உக்கக்கூடியதையும் உக்காததையும் ஒன்றாகப் போடாதீர்கள். சோறு, மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, சருகு ஒரு பை. பொலித்தீன், பிளாஸ்டிக், கடதாசி, தகரம் வேறு பை. எங்கள் வீடுகளில் சேரும் குப்பையில் பாதிக்கும் மேல் உக்கக்கூடியது. அது நனைத்துவிட்டால் கடதாசியும் பழுதாகும், பையும் கிழியும்.

2. பொது இடங்களில் நிறவாரியாகத் தொட்டிகள் இருந்தால் பச்சை உக்கும் குப்பைக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக் பொலித்தீனுக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் தகரத்துக்கு.

3. உடைந்த கண்ணாடி, சவர அலகு, தகரமூடி ஆகியவற்றைப் பழைய பத்திரிகையில் பல மடிப்பாகச் சுற்றி, ஒரு மட்டைப் பெட்டியில் போட்டு, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதுங்கள். சிங்களத்திலும் எழுதினால் நல்லது. கையில் கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்.

4. நீரிழிவு நோயாளிகள் பாவித்த ஊசியை ஒருபோதும் பையில் போடாதீர்கள். மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, உங்கள் கிளினிக்கில் ஒப்படைக்க முடியுமா என்று தாதியிடம் கேளுங்கள்.

5. சுகாதாரத் துவாயையும் பிள்ளைகளின் பம்பர்ஸையும் கடதாசியில் சுற்றித் தனியாகக் கட்டுங்கள். வெட்கப்பட்டு மரக்கறித் தோலுக்குள் ஒளித்து வைக்கிறோம். பிரிக்கும்போது அது இன்னொரு பெண்ணின் கைக்குத்தான் போகிறது.

6. முடிச்சை லேசாகப் போடுங்கள். "கையொறை போட்டா முடிச்சு அவுக்க ஏலாது மிஸ். கழட்டித்தான் அவுக்கணும். அப்பத்தான் கை வெட்டுது" என்று அக்கா சொன்னபோதுதான் என் இறுக்கமான முடிச்சின் விபரீதம் விளங்கியது.

7. முதல் நாள் இரவே பையை வீதியில் வைக்காதீர்கள். நாய், காகம், குரங்கு பிய்த்து எறிந்தால் அதைக் கூட்டுவதும் அதே அக்காதான். எலி வந்தால் எலிக்காய்ச்சலும் பின்னால் வரும். எந்த நாளில் எந்தக் குப்பை எடுக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அயலவரிடம் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

ஒரு பழைய வாளி

உக்கும் குப்பையை வீட்டிலேயே பசளையாக்கினால் பையின் பாரம் பாதியாகக் குறையும். வளவு தேவையில்லை. அம்மா செய்தது இதுதான். உடைந்த வாளி ஒன்றின் அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டார். அடியில் தும்புச்சோறும் சருகும் போட்டார். ஒவ்வொரு நாளும் மரக்கறித் தோலைச் சிறிதாக வெட்டிப் போட்டு, மேலே ஒரு பிடி மண்ணோ சருகோ தூவினார். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறினார். மழை படாமல் மூடி வைத்தார். மீன், இறைச்சி, எண்ணெய்க் கறி போடவில்லை. நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சருகு போட்டால் சரியாகிவிடும். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பான, மண் மணக்கும் பசளை கிடைத்தது.

அந்தப் பசளையை அரிசிப் பையில் நிரப்பி மிளகாய்க் கன்று வைத்தார் அம்மா. முதல் மிளகாய் பறித்த அன்று, "எங்கட வளவு மண் மாதிரியே இருக்கு பிள்ளை" என்றார். இடம்பெயர்ந்த பிறகு அம்மா மண்ணைப் பற்றிச் சிரித்த முகத்தோடு பேசியது அன்றுதான்.

ஒரு கேள்வி

இதையெல்லாம் ஒரு மாதக் கூட்டத்தில் சொன்னேன். வடக்கிலிருந்து வந்து கண்டியில் தங்கியிருக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் ஒரு அம்மா கேட்டார், "பிள்ளை, காணாமல் போன மகனைப் பதினைஞ்சு வருசத்துக்கு மேலாத் தேடிக்கொண்டிருக்கிறன். எனக்குப் போய்க் குப்பை பிரிக்கச் சொல்லித் தாறீங்களே!"

எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய வலியின் முன் என் பட்டியல் மிகச் சிறியதாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் பேசாமல் இருந்தோம். பிறகு மூலையில் இருந்த ஒரு இளம் தாய் மெல்லச் சொன்னார், "அக்கா, முகாமில எங்களைப் பார்க்க வந்தவை மூக்கைப் பொத்தினவை. அதை நான் இன்னும் மறக்கேல்லை. நேற்று குப்பை எடுக்க வந்தவாவைப் பார்த்து நானும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கதவைச் சாத்தினனான்."

கேள்வி கேட்ட அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போகும்போது, "அந்தப் பிள்ளையின்ர கை மாறீட்டுதோ?" என்று என்னிடம் கேட்டார்.

எங்கள் பெரிய இழப்புகளுக்குக் குப்பை பிரிப்பது மருந்தாகாது. ஆனால் அவமதிப்பு எப்படிப்பட்டது என்பதை அனுபவித்தவர்கள் நாங்கள். அதை இன்னொருவருக்குச் செய்யாதிருக்க எங்களைவிடக் காரணம் உள்ளவர்கள் யார்?

இந்தியாவின் புனே நகரில் குப்பை பொறுக்கி வாழ்ந்த பெண்கள் 1993ஆம் ஆண்டில் தங்களுக்கென்று ஒரு தொழிற்சங்கத்தை அமைத்தார்கள். பொறுக்குவதும் ஒரு தொழில், தாங்களும் தொழிலாளிகள் என்று அடையாள அட்டை கேட்டுப் பெற்றார்கள். பின்னர் 'ஸ்வச்' என்ற கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்து, வீடு வீடாகச் சென்று பிரித்த குப்பையைச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்றார்கள். வீட்டுக்காரர்கள் அவர்களுக்கு மாதக் கட்டணம் கொடுக்கிறார்கள். குப்பைமேட்டில் நாயோடு போட்டியிட்டுப் பொறுக்கியவர்கள் வாசல் மணியை அடித்து "குப்பை கொண்டு வாங்க" என்று கேட்கும் நிலைக்கு வந்தார்கள். செய்த வேலை மாறவில்லை. அந்த வேலைக்கு உரிய மதிப்பைக் கேட்டு வாங்கினார்கள்.

தையல் பிரித்த பிறகு

தையல் பிரித்து வேலைக்குத் திரும்பிய அக்காவுக்கு இப்போது எங்கள் வீட்டில் தினமும் ஒரு கோப்பை தேநீர் உண்டு. முதலில் வாசலில் நின்றபடியே குடித்தார். வேறு கோப்பை தேடினார். அம்மா தான் குடிக்கும் கோப்பையையே கொடுத்து, உள்ளே வந்து இருக்கச் சொன்னார். இப்போது இருந்து குடிக்கிறார். எங்கள் ஒழுங்கையில் ஏழு வீட்டார் குப்பையைப் பிரித்து வைக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் இல்லை.

போன மாதம் அவருடைய மகள் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தாள். உயர்தரம் சித்தியடைந்த பிள்ளை. எல்லாவற்றையும் நிரப்பியிருந்தாள், முகவரிக் கட்டத்தை மட்டும் விட்டிருந்தாள். "மிஸ், உங்க வீட்டு அட்ரஸ போட்டுக்கவா?" என்று கேட்டாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. போடு என்றால் அவளுக்கு வேலை கிடைக்கலாம். போடாதே என்று சொல்வது எனக்கு இலகு, அதன் விலையைக் கொடுப்பவள் அவள். "உன் விருப்பம் மகள். எதைப் போட்டாலும் நான் குறை நினைக்க மாட்டேன்" என்றேன்.

பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு தன் லயன் இலக்கத்தையும் மஹய்யாவ என்ற பெயரையும் முழுதாக எழுதினாள். பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்கிறோம்.

சகோதரிகளே, நாளைக் காலை உங்கள் ஒழுங்கையிலும் அந்தச் சத்தம் கேட்கும். பையை மதிலோரம் வைத்துவிட்டு ஓடிவராமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்ளே கண்ணாடி இருந்தால் சொல்லுங்கள். எடுப்பவரின் முகத்தைப் பாருங்கள்.